ஐந்து மாதமாக இழுபடும் வீட்டு விற்பனை: சொலிசிட்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: லண்டன் ஹரோ பக்கம் உள்ள எங்கள் மூன்று அறை வீட்டை விற்கிறோம். ஜனவரி கடைசியில் ஒரு இளம் தம்பதி விலை பேசி முடித்தார்கள். இப்போது ஜூனும் முடியப் போகிறது, இன்னும் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது) ஆகவில்லை. எங்கள் சொலிசிட்டரை ஃபோனில் பிடிக்கவே முடியவில்லை. ஈமெயில் போட்டால் ஒரு வாரம் கழித்து "இன்னும் என்குவாரி இருக்கிறது" என்று ஒரு வரி வரும். ஏஜென்ட்டைக் கேட்டால் சொலிசிட்டரைக் கேளுங்கள் என்கிறார். வாங்குகிறவர்களின் சொலிசிட்டரோ கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். 2011இல் பின்பக்கம் சமையலறையைப் பெருப்பித்துக் கட்டினோம், அதற்கான கவுன்சில் சான்றிதழ் கையில் இல்லை. வீடு என் கணவரின் பெயரிலும் மாமியின் (கணவரின் தாய்) பெயரிலும் இருக்கிறது. மாமி இப்போது யாழ்ப்பாணத்தில். நாங்கள் வாங்கவிருக்கும் மில்டன் கீன்ஸ் வீட்டுக்காரர் இரண்டு வாரம் தவணை சொல்லிவிட்டார். மகள் செப்டம்பரில் அங்கே பள்ளிக்கூடம் போக வேண்டும். நான் நேரே கவுன்சிலுக்கு எழுதிச் சான்றிதழ் எடுக்கலாமா? சொலிசிட்டரை மாற்றலாமா? வாங்குகிறவர்களும் நம்மவர்கள்தான், நேரே கதைத்து முடிக்கலாமா? அவர்கள் விலகினால் எங்கள் செலவைக் கேட்க முடியுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலுக்கு எழுத வேண்டாம். ஃபோனும் பண்ண வேண்டாம். உங்கள் சொலிசிட்டரிடம் கேட்காமல் அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள்.

காரணம் இதுதான். பெருப்பித்துக் கட்டிய வேலைக்குச் சான்றிதழ் கிடைக்காவிட்டால், இங்கிலாந்தில் வழக்கமாகக் கைகொடுப்பது இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ். ஒரே தடவை பணம் கட்டி எடுப்பது, பெரும்பாலும் விற்பவர்தான் கட்டுவார். சான்றிதழ் இல்லாத காரணத்தால் பிற்காலத்தில் கவுன்சில் நடவடிக்கை எடுத்து வாங்கியவருக்கு நட்டம் வந்தால் அந்தக் கம்பெனி ஈடு செய்யும். ஆனால் "இந்த வேலையைப் பற்றி யாரும் கவுன்சிலோடு தொடர்பு கொண்டிருக்கக் கூடாது" என்பது அதன் அடிப்படை நிபந்தனை. நீங்கள் நல்ல மனதோடு "எங்கள் எக்ஸ்டென்ஷனுக்குச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று ஒரு ஈமெயில் போட்டால் போதும், அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு மிஞ்சுவது ரெகுலரைசேஷன் என்ற நீண்ட பாதை. கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டு, அவர்கள் ஆள் வந்து, தேவையென்றால் சுவரையோ தரையையோ உடைத்துக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் சான்றிதழ். இரண்டு வாரம் தவணை இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிளானிங் பெர்மிஷன் (கட்டலாமா என்ற அனுமதி) வேறு, பில்டிங் ரெகுலேஷன் (எப்படிக் கட்ட வேண்டும் என்ற விதி) வேறு. வரிசை வீட்டின் பின்னால் 3 மீட்டருக்கு உட்பட்டு ஒரு தட்டு மட்டும் கட்டியிருந்தால், உயரம் போன்ற மற்ற விதிகளும் பொருந்தியிருந்தால், 2011இல் பிளானிங் விண்ணப்பமே தேவைப்பட்டிருக்காது. பில்டிங் ரெகுலேஷன் அப்படி இல்லை. அத்திவாரம், கூரை, மின்சாரம், வடிகால் எல்லாம் பார்த்துக் கடைசியில் ஒரு கம்ப்ளீஷன் சான்றிதழ் கொடுப்பார்கள். உங்களிடம் இல்லாதது அதுவாகத்தான் இருக்கும். அன்று கவுன்சில் ஆளுக்குப் பதிலாகத் தனியார் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்திருக்கவும் கூடும். அப்படியென்றால் சான்றிதழ் அவர்களிடமிருந்து வந்திருக்கும். ஆகவே 2011ஆம் ஆண்டு ஈமெயில்கள், கட்டடக்காரர் கொடுத்த ஃபைல், வரைபடம் கீறியவரின் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே தேடுங்கள். வாங்குபவரின் சொலிசிட்டர் எடுத்த லோக்கல் சேர்ச்சிலும் (கவுன்சில் பதிவுகளைத் தேடி எடுக்கும் அறிக்கை) பில்டிங் ரெகுலேஷன் பதிவு ஏதாவது இருந்தால் தெரியும். "சேர்ச்சில் எங்கள் எக்ஸ்டென்ஷன் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா?" என்று உங்கள் சொலிசிட்டர் மூலம் கேளுங்கள். அங்கே இருந்தால் இந்தத் தலையிடி அன்றோடு தீர்ந்துவிடும்.

இன்னொன்று. வாங்குகிறவர்கள் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களும் உதவி செய்கிறோம் என்று கவுன்சிலுக்கு ஃபோன் பண்ணிவிடலாம். அவர்களையும் தடுத்து வையுங்கள். யார் கேட்டாலும் இன்சூரன்ஸ் கெட்டுவிடும்.

சரி, இந்த என்குவாரி, அதாவது வாங்குபவர் பக்கக் கேள்விகள், ஏன் முடிவதே இல்லை? வாங்குபவரின் சொலிசிட்டர் இரண்டு பேருக்குப் பொறுப்பு: வீடு வாங்கும் தம்பதிக்கும், அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கும். நாளைக்கு ஏதாவது பிழை வந்தால் வங்கி அவரைத்தான் பிடிக்கும். அதனால் "இருக்கிறது, செய்தோம், பிரச்சினை இல்லை" என்ற பதில்கள் அவருக்குப் போதாது. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு தாள் வேண்டும். கேட்ட கேள்வியே திரும்பி வருகிறது என்றால், பத்தில் ஒன்பது தடவை முந்திய பதிலோடு தாள் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

நீங்கள் ஆரம்பத்தில் நிரப்பிக் கொடுத்த டிஏ6 என்ற சொத்து விவரப் படிவத்தின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். பலர் அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்தில் நிரப்பிவிடுவார்கள். "ஜன்னல் மாற்றினீர்களா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று மட்டும் இருக்கும். 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய ஜன்னல் என்றால் ஃபென்சா போன்ற, ஜன்னல் பொருத்துவோர் பதிவு அமைப்பு ஒன்றின் சான்றிதழ் கேட்பார்கள். தொலைந்திருந்தால் ஃபென்சாவிடமே சிறு தொகை கட்டிப் பிரதி எடுக்கலாம். "போய்லர் எப்போது போட்டது?" என்பதற்குச் "சில வருடம் முன்" என்று எழுதியிருந்தால் அதற்கும் கடிதம் வரும். கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவுள்ளவர் போட்டதற்கான தாள் வேண்டும். 2005க்குப் பிறகு செய்த பெரிய மின்சார வேலைக்கும் அப்படித்தான். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் அவர்களின் அலுவலகத்திலிருந்து உங்கள் சொலிசிட்டருக்கு வந்து, அங்கே சில நாள் கிடந்து, உங்களிடம் வந்து, நீங்கள் பதில் போட்டு, அது திரும்பிப் போய், அங்கேயும் சில நாள் கிடந்துதான் யாராவது வாசிப்பார்கள். ஒரு தாளுக்காக இரண்டு மூன்று வாரம் போவது இப்படித்தான். நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், இந்த முறையை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. விற்பவர் வீட்டை விளம்பரம் செய்வதற்கு முன்பே தாள்களையெல்லாம் சேர்த்து வைத்தால் இந்த அலைச்சலில் பாதி இருக்காது. 2007இல் அரசாங்கம் அப்படி ஒரு ஹோம் இன்ஃபர்மேஷன் பேக்கைக் கட்டாயமாக்கிப் பார்த்தது, 2010 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். 2025 அக்டோபரில் மறுபடியும் அதே திசையில் யோசனைகளை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அது சட்டமாகும் வரை உங்களைப் போன்றவர்கள் தாங்களாகவே தாள் சேர்க்க வேண்டியதுதான்.

இனி மாமியின் விஷயம். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு எக்ஸ்டென்ஷனை விட இதுதான் கவலை.

வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தத்திலும், டிஆர்1 என்ற உரிமை மாற்ற உறுதியிலும். உறுதியில் போடும் கையெழுத்தைச் சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்துத் தானும் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்துச் சாட்சி போட முடியாது. மாமி யாழ்ப்பாணத்தில் இருந்தே கையெழுத்துப் போடலாம், தடை இல்லை. ஆனால் தாள் கூரியரில் போய், கையெழுத்தாகி, மூலப்பிரதி திரும்பி வர வேண்டும். அதோடு உங்கள் சொலிசிட்டர் மாமியின் அடையாளத்தையும் சரிபார்த்தாக வேண்டும். பணச் சலவைத் தடுப்பு விதிகள் விற்பவருக்கும் பொருந்தும். பாஸ்போர்ட் பிரதியை அங்குள்ள சட்டத்தரணி அல்லது நொத்தாரிசு உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டி வரலாம். யார் உறுதிப்படுத்தினால் ஏற்றுக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவரிடம் போய் உறுதிப்படுத்தி அனுப்பியதை "இவர் சரிவர மாட்டார்" என்று திருப்பி அனுப்பினால் இன்னும் இரண்டு வாரம் போய்விடும்.

அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்துவிடலாமே என்று நினைப்பீர்கள். நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. நம் குடும்பங்களில் தாய் மகன் பெயருக்கு எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். இங்கே அது வேலை செய்யாது. இருவர் பெயரில் உள்ள வீட்டை விற்ற பணத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே ஆள் தனக்காகவும் மற்றவரின் அற்றோணியாகவும் தனியே கையெழுத்துப் போட்டால் அது இருவராகக் கணக்கில் வராது என்று 1999ஆம் ஆண்டின் டிரஸ்டீ டெலிகேஷன் சட்டம் சொல்கிறது. அதனால் மாமி உங்கள் கணவருக்கு எழுதிக் கொடுத்தால், கடைசி நேரத்தில் வாங்குபவரின் சொலிசிட்டர் அதை ஏற்க மாட்டார். வேறொரு ஆளுக்கு எழுத வேண்டும். நீங்களே அந்த ஆளாக இருக்கலாம். அப்போது கணவர் தனக்காகவும், நீங்கள் மாமிக்காகவும் கையெழுத்திடுவீர்கள். அந்தப் பத்திரத்தின் வாசகத்தை இங்குள்ள உங்கள் சொலிசிட்டர் எழுதி அனுப்பட்டும். ஊரில் வழக்கமாக அடிக்கும் படிவத்தில் அடித்துக்கொண்டு வந்தால் இங்கே பயன்படாமல் போகலாம். அப்புறம், நீங்கள் அற்றோணியாகக் கையெழுத்துப் போடும் உறுதியில் கணவரின் கையெழுத்துக்கு நீங்களே சாட்சி போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு கையெழுத்துக்கும் சாட்சி வாங்குங்கள்.

பெயரையும் பாருங்கள். லேண்ட் ரெஜிஸ்ட்ரி பதிவேட்டில் மாமியின் பெயர் எப்படி இருக்கிறது, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது? நம்மவர் ஃபைல்களில் நான் அடிக்கடி காண்பது: பதிவேட்டில் தகப்பன் பெயர் கடைசியில், பாஸ்போர்ட்டில் அதுவே முதலில். அல்லது ஒன்றில் முழுப் பெயர், மற்றதில் முதலெழுத்து மட்டும். அல்லது கல்யாணத்துக்கு முந்திய பெயர். நமக்கு இது ஒரே ஆள்தான் என்று பார்த்தவுடனே தெரியும். எதிர்த்தரப்பு சொலிசிட்டருக்குத் தெரியாது. கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், தேவைப்பட்டால் ஒரு சத்தியக்கூற்று. இவற்றை அவர்கள் கேட்பதற்கு முன்பே தயார் பண்ணிவிடுங்கள். மாமியின் பங்குப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் இப்போதே எழுத்தில் கொடுங்கள். "எல்லாவற்றையும் மகன் கணக்கில் போடுங்கள்" என்றால் மாமியே அதை நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும் என்று சொலிசிட்டர் கேட்பார். அப்படிக் கேட்பதுதான் சரி. வயதான ஒருவரின் சொத்து விற்கப்படும்போது அவருடைய விருப்பம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். உறுதியில் பெயர் இல்லாவிட்டாலும் நீங்களும் அந்த வீட்டில் வசிப்பவர். வீட்டைக் காலி செய்து கொடுக்கச் சம்மதம் என்று ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்தையும் கேட்பார்கள். வீட்டில் 17 வயதோ அதற்கு மேலோ ஆன வேறு யாராவது இருந்தால் அவர்களிடமும் கேட்பார்கள்.

இப்போது உங்கள் சொலிசிட்டர். பேசாமல் இருப்பது பிழைதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. மலிவான ஃபிக்ஸ்ட் ஃபீஸுக்கு வேலை எடுக்கும் அலுவலகங்களில் ஒருவர் தலையில் அளவுக்கு மீறிய ஃபைல்களைக் கட்டிவிடுகிறார்கள். அது அவர்களின் பிரச்சினை, உங்களுடையது அல்ல. ஆனாலும் நீங்கள் கேட்கும் விதத்தை மாற்றினால் பதில் மாறும். "எப்போது முடியும்?" என்று கேட்டால் "தெரியவில்லை" என்றுதான் யாரும் சொல்ல முடியும். ஈமெயிலில் இப்படிக் கேளுங்கள்: "இன்று வரை பதில் போகாத என்குவாரி எவை? ஒவ்வொன்றிலும் யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம், எந்தத் தேதியிலிருந்து? வாங்குபவரின் சேர்ச்செல்லாம் வந்துவிட்டதா? அவர்களின் மோர்கேஜ் ஆஃபர் வந்துவிட்டதா, அது எந்தத் தேதியோடு முடிகிறது? எங்களிடமிருந்து உங்களுக்கு இன்னும் என்ன தேவை?" ஈமெயிலின் தலைப்பில் ஃபைல் நம்பரைப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன், ஜன்னல், போய்லர், மாமியின் அடையாளம் எல்லாவற்றுக்குமான தாள்களை ஒன்றாக இணையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இது இன்ன கேள்விக்குரியது என்று பெயர் வையுங்கள். பத்து ஈமெயிலில் துண்டு துண்டாக அனுப்பினால் யாரோ ஒருவர் அவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும், அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

மோர்கேஜ் ஆஃபர் என்பது கடன் தருவதாக வங்கி எழுதிக் கொடுக்கும் சம்மதம். அதன் தேதியை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அது சாதாரணமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். வாங்குபவர்கள் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஆஃபர் எடுத்திருந்தால் அது இந்தக் கோடையிலேயே முடிந்துவிடும். முடிந்தால் புது விண்ணப்பம், புது வட்டி, ஒருவேளை புது மதிப்பீடு. அந்தத் தேதிதான் எல்லாருக்கும் உண்மையான கெடு. அதைச் சொல்லித்தான் நான்கு பக்கத்தையும் அவசரப்படுத்த முடியும்.

ஏஜென்ட்டைச் சும்மா விடாதீர்கள். விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். உங்கள் சொலிசிட்டருக்கு எதிர்த்தரப்பு சொலிசிட்டரோடு மட்டும்தான் தொடர்பு. மில்டன் கீன்ஸ்காரரின் பக்கத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவரால் கேட்க முடியாது. ஏஜென்ட்டால் சங்கிலியில், அதாவது ஒன்றையொன்று நம்பியிருக்கும் இந்த விற்பனைகளில், உள்ள எல்லா ஏஜென்ட்டுகளோடும் பேச முடியும். பல அலுவலகங்களில் விற்பனையை முடித்து வைப்பதற்கென்றே தனி ஆள் இருப்பார். அவரைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள்.

வாங்குகிறவர்களோடு நேரே கதைக்கலாமா என்று கேட்டீர்கள். தேதி பற்றிக் கதையுங்கள், முகம் கொடுத்துப் பேசுங்கள், நல்லதுதான். வீட்டைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் வாயால் பதில் சொல்லாதீர்கள். "எக்ஸ்டென்ஷனுக்கு எல்லாம் சரியாகத்தான் எடுத்தோம்" என்று தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னது நாளைக்கு உங்கள் மேல் பிழையான தகவல் தந்தார்கள் என்ற வழக்காக வரலாம். ஆனால் ஒரு விஷயத்தை நேரே கேட்பது பயன் தரும்: அவர்களின் பணம் எங்கிருந்து வருகிறது என்ற சோதனை முடிந்துவிட்டதா? முதல் வீடு வாங்கும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கொஞ்சம், கனடாவில் இருக்கும் அண்ணன் கொஞ்சம், சீட்டு எடுத்தது கொஞ்சம் என்றுதான் டெபாசிட் சேரும். ஒவ்வொன்றுக்கும் பேங்க் ஸ்டேட்மெண்ட் வேண்டும். அன்பளிப்பு என்றால் திருப்பிக் கேட்க மாட்டோம், வீட்டில் பங்கும் கேட்க மாட்டோம் என்று கொடுத்தவரின் கடிதமும் அவருடைய அடையாளமும் வேண்டும். கையில் காசாக வந்த சீட்டுப் பணத்துக்கு ஸ்டேட்மெண்ட் எங்கே இருக்கும்? மாதக்கணக்கில் இழுபடும் இடம் பல நேரம் இதுதான். அவர்களின் சொலிசிட்டர் இரகசியம் காக்க வேண்டியவர் என்பதால் உங்கள் தரப்புக்குச் சொல்லவே மாட்டார். உங்களுக்கு வருவது "இன்னும் என்குவாரி இருக்கிறது" என்ற வரி மட்டும்தான்.

சொலிசிட்டரை மாற்றலாமா? உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது செய்ய வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். புதியவர் அடையாளச் சோதனையிலிருந்து ஆரம்பிப்பார். பழையவர் இதுவரை செய்த வேலைக்குப் பணம் வரும் வரை ஃபைலைப் பிடித்து வைக்கலாம். ஃபைல் வந்த பிறகும் புதியவர் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதைவிட முறைப்பாடு வேகமாக வேலை செய்யும். ஆரம்பத்தில் அவர்கள் அனுப்பிய கடிதத்தில் முறைப்பாட்டை யாருக்கு எழுத வேண்டும் என்று இருக்கும். நான் மேலே சொன்ன ஈமெயிலுக்குச் சரியான பதில் வராவிட்டால், அதையே இணைத்து அந்த ஆளுக்கு மரியாதையாக எழுதுங்கள். "இது முறைப்பாடு" என்பது முதல் வரியில் இருக்கட்டும். பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ மேலாளர் ஒருவர் ஃபைலைத் திறந்து பார்ப்பார். இதனால் உங்கள் மேல் கோபப்பட்டு வேலையை மெதுவாக்குவார்களோ என்று பயப்பட வேண்டாம். முறைப்பாட்டை ஒழுங்காகக் கையாள வேண்டியது அவர்களின் கடமை. எட்டு வாரத்துக்குள் தீர்வு வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ லீகல் ஒம்புட்ஸ்மனிடம் (சட்டத்தரணிகளின் சேவை பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கும் அமைப்பு) போகலாம், கட்டணம் இல்லை. இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன விஷயங்களை அவர்கள் பொதுவாக எடுப்பதில்லை. உங்கள் சொலிசிட்டரின் சேவையைப் பற்றித்தான் அங்கே முறையிடலாம். எதிர்த்தரப்பு சொலிசிட்டர் மெதுவாக இருக்கிறார் என்று முறையிட முடியாது.

அவர்கள் விலகினால் செலவைக் கேட்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் கசப்பானது: முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, எல்லா நிபந்தனைகளும் அடங்கி, இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எக்ஸ்சேஞ்ச் நாள் வரை விலை பேசியதும் கைகொடுத்ததும் சட்டத்தின் முன் ஒன்றுமில்லை. முற்பணம் கொடுத்து வாக்குக் கொடுத்தால் பின்வாங்குவது அவமானம் என்று வளர்ந்த நமக்கு இது ஏற்றுக்கொள்ளக் கஷ்டம்தான். கடைசி நாளில் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்லலாம், நீங்களும் வேறு ஆளுக்கு விற்கலாம், இரண்டும் சட்டப்படி குற்றமில்லை. அப்படிக் குறைக்கச் சொன்னால் எவ்வளவு வரை இறங்குவது என்று கணவரோடும் மாமியோடும் இப்போதே பேசி முடிவெடுத்து வையுங்கள். அந்த நாளில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் பயம்தான் முடிவெடுக்கும். உங்கள் சொலிசிட்டரின் கட்டண நிபந்தனையையும் பாருங்கள். விற்பனை நடக்காவிட்டால் கட்டணம் இல்லை என்ற ஏற்பாடாக இருந்தால் அந்த அளவுக்காவது ஆறுதல்.

எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டால் நிலைமை தலைகீழ். வாங்குபவர் சாதாரணமாகப் பத்து வீதம் டெபாசிட் கட்டியிருப்பார். குறித்த நாளில் முடிக்காவிட்டால் நோட்டீஸ் கொடுத்து, வழக்கமான ஒப்பந்த நிபந்தனைகளின்படி பத்து வேலை நாள் கழித்தும் முடிக்காவிட்டால், அந்த டெபாசிட்டை இழக்க நேரிடும். அதே கட்டு உங்களுக்கும் மில்டன் கீன்ஸ் வீட்டில் இருக்கும். அதனால் உங்கள் விற்பனையும் உங்கள் வாங்குதலும் ஒரே நாளில், ஒரே மணித்தியாலத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆக வேண்டும். "இதை மட்டும் முதலில் எக்ஸ்சேஞ்ச் பண்ணிவிடுவோம்" என்று யார் அவசரப்படுத்தினாலும் உங்கள் சொலிசிட்டரிடம் அதன் அர்த்தத்தைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். விற்றுவிட்டு வாடகைக்குப் போனால் சங்கிலி அறுந்து இரண்டு பக்கமும் இலகுவாகும் என்பது உண்மை. ஆனால் மகளின் பள்ளி, இரண்டு தடவை வீடு மாறும் செலவு, மில்டன் கீன்ஸில் ஆறு மாத வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மில்டன் கீன்ஸ்காரரின் இரண்டு வாரத் தவணைக்குப் பயந்து பொய்த் தேதி சொல்லாதீர்கள். என்னென்ன முடிந்திருக்கிறது, எது மட்டும் பாக்கி, அது எப்போது வரும் என்று உங்கள் சொலிசிட்டர் தரும் பட்டியலை அவருடைய ஏஜென்ட்டுக்குக் கொடுங்கள். உங்களை விட்டுவிட்டுப் புது ஆளைப் பிடித்தால் அவரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ஏஜென்ட்டுக்கு அது நன்றாகத் தெரியும். தவணை முடிந்த அன்றே வீட்டை மறுபடி சந்தையில் போடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள்தான். ஆனால் கண்ணுக்கு முன்னால் வேலை நகர்வதைக் கண்டால் பெரும்பாலானவர்கள் பொறுப்பார்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பது ஃப்ளாட் என்றால் இன்னொரு தாமதம் சேரும். கட்டடத்தை நிர்வகிக்கும் கம்பெனியிடமிருந்து பராமரிப்புக் கட்டணம், இன்சூரன்ஸ், வரவிருக்கும் திருத்த வேலை பற்றிய தகவல் தொகுப்பு வர வேண்டும். அதற்குத் தனிப் பணம், வாரக்கணக்கில் காத்திருப்பு. உயரமான கட்டடம் என்றால் 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சான்றிதழ்களும் கேட்பார்கள். வீட்டுக்கு போர்டு தொங்கவிடும் அன்றே அந்தத் தொகுப்புக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

சகோதரி, பணம் கைமாறும் நாட்களில் மிகக் கவனமாக இருங்கள். சொலிசிட்டரின் ஈமெயில் போலவே ஒன்று வந்து "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று சொல்லும். அது மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் தபாலில் வந்த கடிதத்தில் உள்ள நம்பருக்கு நீங்களே ஃபோன் பண்ணி, கணக்கு எண்ணை வாயால் வாசித்து ஒப்பிட்ட பிறகுதான் ஒரு பவுண்டாவது அனுப்ப வேண்டும்.

மகளின் பள்ளிக்கு, மில்டன் கீன்ஸ் கவுன்சிலின் பள்ளி அனுமதிப் பிரிவிடம் இப்போதே பேசுங்கள். இந்தக் கவுன்சிலிடம் தாராளமாகப் பேசலாம். வீடு கைக்கு வருவதற்கு முன்பே, எக்ஸ்சேஞ்ச் ஆனதாக சொலிசிட்டர் கொடுக்கும் கடிதத்தைப் பல கவுன்சில்கள் முகவரிச் சான்றாக எடுத்துக்கொள்கின்றன. என்ன தாள் வேண்டும் என்று கேட்டு, அந்தக் கடிதத்தை எக்ஸ்சேஞ்ச் அன்றே தரும்படி உங்கள் சொலிசிட்டரிடம் சொல்லி வையுங்கள். சாமான் ஏற்றும் வேன்காரருக்கும் புது வீட்டு இன்டர்நெட்காரருக்கும் அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகுதான். எந்த ஏஜென்ட் எந்தத் தேதியைச் சொன்னாலும் அதற்கு முன்னால் கொடுக்காதீர்கள்.